ஊருக்குப் போயிருந்தார்

"அழுவானா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"அழுவாரு சார். அதுக்கு நான் கேரண்டி" என்றாள் மேடம்.

"போன தடவையும் இப்படித்தான் சொன்ன. அந்த டயர்காரன் கல்லு மாதிரி நின்னான். கேமரா வச்சதுதான் மிச்சம்."

"இது அப்படியில்ல சார். கதை வீட்டுக்குள்ளேருந்தே வந்திருக்கு. பஸ் ஸ்டாண்டு, சட்டையில பட்டன் இல்ல, வாயில பேச்சில்ல. அக்காகாரி போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கா. நெனச்சாலே எனக்குத் தொண்டை அடைக்குது."

"உனக்கு அடைச்சு என்ன பிரயோஜனம்? அவனுக்கு அடைக்கணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் சின்னவள் கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோடு நின்றாள். மேடை ஏறுமுன் மாஸ்டர் உப்பு வெந்நீரில் தொண்டை கொப்பளிப்பார். அறைக்குள்ளேயே வாஷ்பேசின் இருந்தது. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்தால் சக்தி கலைந்துவிடுமாம். அதனால் அவர் துப்புவதை யாராவது ஏந்திக்கொள்ள வேண்டும். வந்த நாளிலிருந்து அந்த யாராவது சின்னவள்தான்.

படிப்பை முடிக்கும் தறுவாயில் பயிற்சிக்கென்று இந்த நிறுவனத்தில் சேர்ந்தவள் அவள். சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்களைத் திரட்டி வெளிநாட்டுக்கு அழைத்துப்போய், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் தங்கவைத்து, 'உள்ளே இருக்கும் முதலாளியைத் தட்டி எழுப்புவது' நிறுவனத்தின் வேலை. கழுத்தில் மாட்டும் பேட்ஜை அடுக்குவது, மாஸ்டரின் மைக்கில் எச்சில் ஊறிய பஞ்சு உறையை மாற்றுவது, ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு டிஷ்யூ பெட்டி வைப்பது, நிகழ்ச்சி முடிந்ததும் மூக்கும் கண்ணும் துடைத்துப் போட்ட காகிதத்தையெல்லாம் குனிந்து குனிந்து பொறுக்குவது, இதெல்லாம் அவள் வேலை. அன்றைய நிகழ்ச்சி எப்படி என்று மாஸ்டர் யாரையும் கேட்க மாட்டார். குப்பைக்கூடையை எட்டிப் பார்ப்பார். நிரம்பியிருந்தால் முதுகில் தட்டுவார். பாதிதான் இருந்தால் அன்றைக்கு மேடத்துக்கு ஏச்சு.

இன்று கடைசி நாள். சாயங்காலம் எல்லோருக்கும் விமானம். காலை நிகழ்ச்சியைப் படம்பிடித்து அடுத்த விளம்பரத்துக்குப் போடப்போகிறார்கள். அதில் அழப்போகிற ஆளை முடிவு செய்துவிட்டார்கள்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்றார் மாஸ்டர்.

"அவங்க வீட்ல அதுக்கு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க சார். 'ஊருக்குப் போயிருந்தார்'னு சொல்லி மூடிட்டாங்களாம். அதை எடுத்து விடுங்க. பொலபொலன்னு உதிர்ந்துடுவாரு."

சின்னவளுக்குக் கிண்ணம் கையில் வழுக்கியது.

அது அவளுடைய மாமா. அம்மாவின் தம்பி. அட்டைப்பெட்டி செய்கிறவர். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கூட்டாளியோடு நடத்திய அவருடைய முதல் பட்டறை மூழ்கிப்போனது. ஒருநாள் காலையில் சவரம் செய்துகொண்டு வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. எங்கோ ஒரு பஸ் ஸ்டாண்டில் பெயர் கேட்டாலும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவரை அம்மாதான் போய் அழைத்து வந்தாள். அக்கம்பக்கம் கேட்டபோது, "ஊருக்குப் போயிருந்தான்" என்றாள். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நிஜமாக வெளியூர் கிளம்பினாலும் 'ஊருக்குப் போறேன்' என்று சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் போறேன், ரயிலுக்குப் போறேன், வேலையாப் போறேன் என்பார்கள். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போவார்கள்.

அதைத்தான் அவள் மேடத்திடம் சொன்னாள். முந்தாநாள், காலைச் சாப்பாட்டு மேஜையில்.

"உங்க மாமாவுக்கு உள்ள ஏதோ காயம் இருக்குடா கண்ணு. மாஸ்டர் பார்த்த உடனே சொல்லிட்டாரு. என்னன்னு தெரிஞ்சாத்தானே மருந்து போட முடியும்? டாக்டர்கிட்ட யாராவது மறைப்பாங்களா?"

"வெளிய தெரியாதே மேடம்?"

"நாம ஒரே குடும்பம்டா. குடும்பத்துக்குள்ள என்ன வெளிய, உள்ள? நீயும் நாளைக்கு எங்ககூடவே இருக்கப்போற பொண்ணு. உனக்கு வேலை நிச்சயம்னு நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

அவ்வளவு பெரிய மனுஷி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கவும் சின்னவளுக்குப் பேச்சு தானாக வந்தது. கேட்காததையும் சொன்னாள். பட்டன் இல்லாத சட்டையைச் சொன்னபோது மேடம் "ஐயோ பாவம்" என்று சொல்லி, ஒரு ரொட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் வேறு ஒன்றை எடுத்தாள். அந்தக் கடித்த ரொட்டி இப்போது சின்னவள் கண்முன்னால் வந்து நின்றது.

கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு அரங்கத்துக்கு ஓடினாள்.

மாமா டைல்ஸ்காரரைப் பிடித்துவைத்துக்கொண்டு தட்டையாக மடித்த ஒரு பெட்டியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு ஆர்டர் கிடைக்கும் என்று சின்னவள் சொன்ன பேச்சை நம்பித்தான் வந்திருந்தார். துணிமணிக்கு மேல் மாதிரிப் பெட்டிகளை வைத்து எடுத்து வந்திருந்தார். இதுவரை அதைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவருமில்லை.

"உங்க டைல்ஸ் மூலை உடையுதுன்னு சொன்னீங்களே, இதுல வச்சா..."

"அப்புறம் பாக்கலாம் பெட்டி சார். மாஸ்டர் வர நேரம்" என்று டைல்ஸ்காரர் நழுவினார்.

"மாமா, ஒரு நிமிஷம்."

"வா பாப்பா. என்ன இப்படி வேர்த்து வழியிற? இந்த ஏசியில எனக்குப் பல்லு கிட்டிக்குது."

"மாமா, நீங்க ரூமுக்குப் போயிடுங்க. தலைவலின்னு சொல்லிடுங்க."

"எனக்கெதுக்குத் தலை வலிக்கணும்?"

"வயித்துவலின்னு சொல்லுங்க."

"நீ எனக்கு வியாதி பாத்துக் குடுக்கிறியா? கடைசி நாளு, இன்னிக்குத்தான் எல்லாரும் கார்டு மாத்திக்குவாங்கன்னு நீதானே சொன்ன?"

"மாமா..."

"என்ன பாப்பா?"

சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பார். கேட்டால் 'நான்தான் சொன்னேன்' என்று சொல்லவேண்டும். அது வாய்வரை வந்து நின்றது. அதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள். விளக்குகள் மங்கின. மேடம் பின்னாலிருந்து விரலைச் சொடுக்கி, குப்பைக்கூடையைக் காட்டினாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆரஞ்சு வாசனை அடித்திருந்தும் விரிப்பிலிருந்து கால் நாற்றம் எழும்பிக்கொண்டுதான் இருந்தது. மாஸ்டர் வந்தார். முதலில் டைல்ஸ்காரரை எழுப்பினார். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாததை அவர் சொல்லத் தொடங்கியதும், "இன்னும் உள்ள போங்க, இன்னும் உள்ள" என்று மாஸ்டர் அவர் நெஞ்சில் கைவைத்து அமுக்கினார். டைல்ஸ்காரர் வாய்விட்டு அழுதார். மூக்கு ஒழுகியது. பக்கத்திலிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். காகிதம் பறந்து விழுந்தது. சின்னவள் பொறுக்கினாள். சூடாகவும் ஈரமாகவும் விரலில் ஒட்டியது.

"இப்ப நம்ம பெட்டிக்காரர்" என்றார் மாஸ்டர்.

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். விசிட்டிங் கார்டைக் கையில் தயாராக வைத்திருந்தார்.

"வணக்கம் சார். நான் அட்டைப்பெட்டி..."

"அதெல்லாம் வேண்டாம்." மாஸ்டர் கிட்டே போய் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கார்டு கீழே விழுந்தது. குரலைப் பாதியாகக் குறைத்தார். "நீங்க ஊருக்குப் போயிருந்தீங்களே. அதைச் சொல்லுங்க."

மாமா அசையவில்லை. முகம் கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் கண் மட்டும் மெல்லத் திரும்பி, வட்டத்துக்கு வெளியே கூடையோடு நின்ற சின்னவளிடம் வந்தது. அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு அர்த்தம் இருப்பது ஒரே வீட்டில். அந்த வீட்டிலிருந்து இங்கே வந்திருப்பது அவர்கள் இரண்டு பேர்தான்.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்தப் படம் வீட்டுக்கு வரும். அட்டை வாங்குகிறவன் பார்ப்பான், பட்டறையில் வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்கள், அக்கம்பக்கம் பார்க்கும். அம்மா இத்தனை வருஷம் மூடிவைத்ததெல்லாம் அதோடு சரி.

"எந்த ஊருக்கு சார்?" என்றார் மாமா.

"உங்களுக்குத் தெரியும்."

"நான் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன் சார். தொழில் அப்படி."

"தொழில் நொடிச்சப்போ போனீங்களே, அது."

"ஓ, அதுவா!" மாமாவின் குரல் திடீரென்று தெளிந்தது. "அது கல்யாணம் சார்."

"கல்யாணமா?"

"ஆமா சார். எங்க பெரியப்பா பையனுக்கு. நல்ல கூட்டம். போகும்போது ஜன்னல் சீட்டு கிடைச்சுது. ஆனா ஜன்னல் மூடல. மழை வேற. பக்கத்துல ஒருத்தர் என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு. எழுப்பவும் மனசு வரல. எறங்கினப்போ ஒரு பக்கம் நனைஞ்சிருக்கேன், ஒரு பக்கம் காஞ்சிருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தீங்க" என்றார் மாஸ்டர், அழுத்தி.

"பஸ்ஸுக்கு வேற எங்க சார் உக்காருவாங்க?"

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். அழுது முடித்த டைல்ஸ்காரர்கூடச் சிரித்தார்.

மாஸ்டருக்கு முகம் சிவந்தது. "உங்க சட்டையில பட்டன் இல்ல."

சிரிப்பு நின்றது. மாமாவின் கை தானாகச் சட்டை மேல்பட்டனுக்குப் போனது. அங்கேயே இருந்தது. மேடம் இருந்த இடத்திலிருந்து முன்னால் சாய்ந்தாள். கேமராக்காரர் ஒரு அடி கிட்டே வந்தார். மாமாவின் நாற்காலிக்கு அடியில் அவருடைய டிஷ்யூ பெட்டி இன்னும் பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்து நீட்டும்படி மேடம் சின்னவளுக்கு ஜாடை காட்டினாள்.

சின்னவள் அசையவில்லை.

"பட்டனா..." என்றார் மாமா. "நெரிசல் சார். திரும்பி வரும்போது பஸ்ஸுல ஏர்றதுக்குள்ள பிச்சுப்புட்டாங்க. நல்ல சட்டை."

"பொய்!" என்று மாஸ்டர் கத்தினார். "உங்களுக்கு நீங்களே பொய் சொல்றீங்க. சரி. இங்கயே உங்க ரத்தம் ஒண்ணு இருக்கு. அவ சொல்லட்டும். வாம்மா, உங்க மாமாவுக்கு நல்லது பண்ணு."

மைக்கை அவள் வாயருகே கொண்டுவந்து வைத்தார். அந்தப் பஞ்சு உறையின் நாற்றம் மூக்கில் ஏறியது. வட்டத்துக்குப் பின்னால் மேடம் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள், சொல்லு சொல்லு என்று. வேலை நிச்சயம் என்று சொன்ன அதே சிரிப்பு.

சின்னவள் மாமாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா ஊருக்குப் போயிருந்தாரு சார்" என்றாள்.

"எதுக்கு?"

"கல்யாணத்துக்கு."

"மேடம்கிட்ட நீ என்ன சொன்ன?"

"இதைத்தான் சார் சொன்னேன். அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கபோல. வரும்போது எனக்குக் கலர் பென்சில் வாங்கிட்டு வந்தாரு. என் அக்காவுக்கு வாங்கல. அவ அழுதா."

மறுபடி சிரிப்பு. மாஸ்டர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் ஆள் கைதேர்ந்தவர். மூச்சை இழுத்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் பூட்டு. சாவி கையில குடுத்தாலும் திறக்க மாட்டாங்க. இப்படிப்பட்டவங்க கடைசிவரைக்கும் பெட்டிதான் செய்வாங்க. உள்ள என்ன போகுதுன்னே தெரியாம, வெறும் பெட்டி! இந்தப் பூட்டை உடைச்ச நம்ம டைல்ஸ்காரருக்கு ஒரு கைதட்டல்!"

அத்தனை பேரும் தட்டினார்கள். இப்போதுதான் மாமாவோடு சேர்ந்து சிரித்தவர்கள், அதே கையால் தட்டினார்கள். மாமா குனிந்து கீழே கிடந்த கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

கூடையோடு வெளியே வந்தவளை மேடம் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"என்னடி நாடகம் ஆடற? எங்க மானத்தை வாங்கிட்டியே! நாங்க உனக்கு எவ்வளவு பண்ணியிருக்கோம்!"

முந்தாநாள்வரை 'நாம' என்று இருந்தது இப்போது 'நாங்க' ஆகிவிட்டது. சின்னவளுக்கு அது காதில் விழுந்ததும் ஏனோ நிம்மதியாக இருந்தது.

"நான்தான் மேடம் தப்பு பண்ணினேன். உங்ககிட்ட வாயைத் திறந்தேன்."

"வேலைன்னு கனவுலகூட நெனைக்காத. பேட்ஜைக் குடு. போறதுக்கு முன்னாடி அந்தக் கூடையைக் கொட்டிட்டுப் போ."

சின்னவள் கழுத்திலிருந்து பேட்ஜைக் கழற்றினாள். கூடைக்குள் போட்டாள். அது ஈரக் காகிதத்துக்குள் மெல்ல அமிழ்ந்தது. கூடையைத் தூக்கி மேடத்தின் கையில் கொடுத்தாள். மேடமும் என்னவென்று தெரியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பேட்ஜ் உள்ள இருக்கு மேடம். எடுத்துக்குங்க."

"சீ!" என்று மேடம் அலறியது லிஃப்ட்வரை கேட்டது.

ஹோட்டலின் முன்பக்கம்தான் கடல். பின்பக்கம் ஒரு சலவைக்கடை, பெட்ரோல் பங்க், ஓரமாக ஒரு பஸ் நிறுத்தம். விமான நிலையத்துக்குப் போகிற பஸ் அங்கேதான் நிற்கும். பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சூட்கேஸும் கயிறு கட்டிய மாதிரிப் பெட்டிகளும். சின்னவள் தன் பையோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எவ்வளவு சொன்ன?" என்றார் மாமா, ரோட்டைப் பார்த்தபடி.

"எல்லாத்தையும் மாமா."

"பட்டனையுமா?"

"ம்."

"உனக்குப் பட்டன் எப்படித் தெரியும்? அப்ப நீ இத்தனூண்டு."

"அம்மா சொன்னா."

மாமா திரும்பி அவளைப் பார்த்தார். "அக்காவா? அவளும் சொல்லியிருக்காளா?"

"அழுதுக்கிட்டே சொன்னா மாமா. எனக்கு மட்டும்தான்."

"ஆமா, அவ உனக்கு மட்டும். நீ அந்தப் பொம்பளைக்கு மட்டும். அவ அந்தாளுக்கு மட்டும்." மாமா உள்ளங்கைகளைப் பேண்டில் துடைத்தார். மறுபடி துடைத்தார். "என் கையைப் பிடிச்சான் பாரு. ஈரம். இன்னும் போகல. அருவருப்பா இருக்கு பாப்பா."

"எனக்கும்தான். என்மேலயும் அப்படித்தானே மாமா இருக்கும்?"

"இருக்கு."

அவர் அதை மாற்றிச் சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். சொல்லவில்லை.

மாமாவின் போன் அடித்தது. அம்மா. எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கடா இருக்கீங்க? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? ஆர்டர் ஏதாவது?"

"பஸ் ஸ்டாப்புல இருக்கோம்க்கா."

"பஸ் ஸ்டாப்புலயா? எதுக்கு?"

"ஊருக்குப் போறோம்."

அந்தப் பக்கம் ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"டேய்" என்றாள் அம்மா. குரல் வேறு மாதிரி இருந்தது. "என்னடா சொல்ற? எந்த பஸ் ஸ்டாப்பு? பாப்பா எங்க? அவ கையைப் பிடிச்சுக்கோ. நகராத. நான் வரேன்."

"எங்கக்கா வருவ, இந்த நாட்டுக்கா?" மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நிஜமாவே ஊருக்குத்தான்க்கா. நம்ம ஊருக்கு. நல்லாத்தான் இருக்கேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. சட்டையில பட்டன்லாம் இருக்கு."

அம்மா மெதுவாக, "பட்டன் பேச்சை யாருடா எடுத்தா?" என்றாள்.

"வந்து பேசிக்கலாம். உன்கிட்டயும் பேசவேண்டியிருக்கு."

போனை வைத்தார். சின்னவள் மெல்ல வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்காரப்போனாள். பெட்டிகள் சரிய, பிடிக்கப் போனாள்.

"தொடாத!" என்றார் மாமா.

கை அப்படியே நின்றது.

"அந்தக் கூடையைத் தூக்கினியே, கை கழுவினியா?"

"இல்ல மாமா."

"அந்தக் கையோடயா இவ்வளவு நேரம் நிக்கிற? கர்மம். அதோ பங்க்ல குழாய் இருக்கு, போ. சோப்பு போட்டுக் கழுவு. பெட்டியெல்லாம் புதுசு."

"பஸ் வந்துடும் மாமா."

"வந்தா நிக்கச் சொல்றேன். போ."

சின்னவள் ரோட்டைக் கடந்து போனாள். குழாயடியில் ஒரு சோப்புத் துண்டு இருந்தது. ஒருமுறை கழுவி முகர்ந்து பார்த்தாள். அந்த அரங்கத்து ஆரஞ்சு வாசனை போகவில்லை. மறுபடி தேய்த்தாள். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. டிரைவர் அந்த ஊர் பாஷையில் ஏதோ வள்ளென்று விழுந்தார். அதற்குமேல் சத்தமாக மாமாவின் குரல், பச்சைத் தமிழில்:

"ஒரு நிமிஷம் இருப்பா. எங்க பொண்ணு கை கழுவிக்கிட்டிருக்கா."

திரும்பிப் பார்த்தாள். மாமா ஒரு காலைப் படியிலும் ஒரு காலை ரோட்டிலும் வைத்துக்கொண்டு, பஸ்ஸை நகரவிடாமல் நின்றுகொண்டிருந்தார்.

இன்னும் ஒருமுறை சோப்பு போட்டாள்.